சவாரி மாட்டுக்கு ஏர் பூட்டியவர்

கபிலன் அத்தானின் போனுக்குள் ஒரு ஊர் இருந்தது. எங்கள் குளத்தின் பெயரையே, கட்டுக்கரை என்று, அதற்கும் வைத்திருந்தார். நாற்பத்துமூன்று சனம், பதினொரு வீடு, ஒரு கிணறு, ஒரு களஞ்சியம். அந்தச் சனத்துக்குப் பசிக்கும், குளிரும், காய்ச்சல் வரும். பனிக்காலம் தொடங்குமுன் விறகும் தானியமும் சேர்க்காவிட்டால் ஒவ்வொருவராகச் செத்துப்போவார்கள். வெயில் ஏறிய பிறகு அத்தான் வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டு, வலது காலை நீட்டிக்கொண்டு, அவர்களைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் என் அக்கா மங்கையற்கரசியின் கணவர். அவளுடைய தங்கை நான், அவர்களோடுதான் இருக்கிறேன். அத்தானின் இடுப்புக்குள், போரில் வெடித்த ஒரு செல்துண்டு 2009ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. எடுத்தால் கால் விளங்காமல் போகலாம் என்று டொக்டர் சொன்னதால் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். நடப்பார், வேலை செய்வார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை கொஞ்சம் இருந்து ஆறி எழும்ப வேண்டும், அவ்வளவுதான். இருக்கும் நேரத்துக்குத்தான் அந்தக் கேம்.

கேம் தொடங்கும்போது அந்தச் சனத்தை ஒரு வெறுங்காட்டில் விடுவார்கள். கையில் கொஞ்சம் விதை, கோடரி, மண்வெட்டி, ஒரு வண்டில். அத்தான் இதை அக்காவிடம் காட்டியபோது அக்கா கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவைக்கு வண்டிலாவது குடுத்தவங்கள். எங்களைப் பன்னிரண்டு தகரத்தோட லொறியால இறக்கிப்போட்டுப் போனவங்கள்" என்றாள்.

"நுளம்புவலையும் தந்தவங்கள், மங்கை."

"ஓம், அதைச் சொல்லுங்கோ. நல்லாச் சாப்பிட்டம் அதை."

2010ஆம் ஆண்டு முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அக்காவின் சீதன வயலில் ஆள் உயரத்துக்குப் பற்றை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் மூன்று ஏக்கர். அதை அத்தானும் அக்காவும் நானும் வெட்டித் துப்புரவாக்கினோம். பிறகு ஒரு பழைய லான்ட்மாஸ்டர் வாங்கினோம். இரண்டு சில்லு உழவு இயந்திரம். புகைக்கும், நின்றுபோகும், ஆனால் உழும். மூன்று ஏக்கரும் விதைபட்டால் எங்களுக்கு அந்த வருஷம் சோறு. விதைபடாவிட்டால் இல்லை. எங்களுக்கு வேறு வரும்படி கிடையாது.

2022ஆம் ஆண்டு டீசல் இல்லாமல் போனது. ஆனி, ஆடி மாதங்களில் அத்தான் கலனோடு மூன்று முறை போய்ப் பகல் முழுக்க வரிசையில் நின்று வெறுங்கலனோடு வந்தார். நான்காம் முறை போகவில்லை. கதிரையில் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஏர்க்கதை தொடங்கியது.

அந்தக் கேமில் ஊர் கொஞ்சம் வளர்ந்த பிறகு மாடு பூட்டி உழும் ஏர் கிடைக்குமாம். அதை எடுப்பதா விடுவதா என்று விளையாடுகிறவர்கள் எங்கெங்கோ இருந்து எழுதிச் சண்டை பிடிப்பார்களாம். மாட்டுக்குக் கொட்டில் வேண்டும், வைக்கோல் வேண்டும், பார்க்க ஒரு ஆள் வேண்டும். சின்ன நிலத்துக்கு அது நட்டம், மண்வெட்டியே போதும். நிலம் பெரிது, ஆள் குறைவு என்றால் மட்டும் ஏர் நல்லது. இதை அத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு சாப்பிடும்போது விளங்கப்படுத்தினார்.

"எங்களிட்ட நிலம் மூண்டு ஏக்கர். ஆள் மூண்டு பேர், அதில ஒண்டு நொண்டி. அப்ப ஏர்தான் சரி" என்றார்.

"போனுக்க இருக்கிற சனத்துக்கு உழுதது காணாதெண்டு இஞ்சையும் உழப்போறியளோ?"

"நான் சும்மா சொல்லேல்லை. முதல் பனிக்காலம் என்ர மாடு வைக்கோல் இல்லாமல் செத்தது. அடுத்தமுறை பிழைவிடேல்லை. எல்லாம் கணக்குப் பாத்துத்தான் சொல்லுறன்."

அக்கா கறிச்சட்டியை வழித்து அவர் சோற்றுக் கோப்பையில் போட்டாள். அது அவள் சம்மதிக்கும் விதம்.

முசலியிலிருந்து வஸீர் நானா வந்தார். மாட்டுத் தரகர். ஏருக்குப் பழகிய சோடி எங்கும் இல்லை என்றார். இந்தப் பக்கத்தில் நுகத்துக்குப் பழகிய மாடு என்றால் வண்டிச் சவாரிப் பந்தயம் ஓடும் மாடுகள்தான். முட்டையும் உழுந்தும் கொடுத்து வளர்த்தவை. தீனி விலை ஏறியதால் ஒரு சவாரிக்காரர் ஒரு சோடியைக் கொடுக்க நினைத்திருக்கிறார். லான்ட்மாஸ்டரைக் கொடுத்தால் அந்தச் சோடியை வாங்கித் தருவேன் என்றார் நானா. டீசல் இல்லாத அந்த நாளில் லான்ட்மாஸ்டரை அதற்காவது ஒருவர் கேட்டாரே என்று எங்களுக்கு இருந்தது. கொடுத்தோம்.

மாடுகளை இறக்கியபோது நானா அத்தானை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். நான் கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"தம்பி, பிறகு என்னைப் பேசக்கூடாது. இது ஓடப் பழகின மாடு. நடக்கப் பழகேல்லை. பின்னால ஆள் கத்தினா நிக்காது. சவாரித் திடல்ல அப்படித்தான் பழக்கினது. கத்தினா ஓடு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"பழக்கலாம் நானா. ரெண்டு மாசம் இருக்கு."

"பழக்குங்கோ. ஆனா நான் சொன்னனான்."

ஒரு மாட்டின் பெயர் சுனாமி. வெள்ளை, நெற்றியில் சுழி. மற்றதற்கும் ஏதோ பெயர் இருந்தது. எங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். நாங்கள் மற்றவன் என்றே கூப்பிட்டோம்.

அத்தான் பழக்கினார். அதை நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அடுத்த வயல்காரர் இரத்தினம் அண்ணையின் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த இரும்புக் கலப்பையைக் கேட்டு வாங்கிக் கழுவினார். முதலில் வெறும் நுகம், பிறகு நுகத்தில் ஒரு மரக்குற்றி, பிறகு கலப்பை. மாடுகளோடு வாய் திறந்து பேசமாட்டார். நாக்கால் ஒரு சின்னச் சத்தம், கயிற்றில் ஒரு இழுவை. எங்களையும் அவற்றுக்குப் பக்கத்தில் மெதுவாகத்தான் கதைக்கச் சொன்னார். அக்கா கோபம் வந்தால் வீட்டுக்குள் போய்த்தான் பேசினாள். சுனாமி ஒரு மாதத்தில் நடக்கத் தொடங்கியது. மற்றவன் சுனாமியைப் பார்த்து நடந்தான்.

செப்டெம்பர் கடைசியில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு போகமும் நடப்பதுதான். குளத்துத் தண்ணீர் திறக்கும் நாள், விதைத்து முடிக்க வேண்டிய நாள், மாடுகளை வயல்வெளியை விட்டு மேய்ச்சல் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய நாள், எல்லாவற்றையும் எல்லாருமாகத் தீர்மானிப்பார்கள். இரத்தினம் அண்ணைதான் சங்கச் செயலாளர். அவர் வாசித்தார். ஒக்டோபர் முப்பத்தொன்றுக்கு முன் விதைப்பு முடிய வேண்டும். பிந்தி விதைக்கிற வயலுக்குக் கடைசித் தண்ணீர் கிடைக்காது. இருபத்தைந்தாம் திகதி காலையோடு மாடுகள் வெளியேற வேண்டும். நின்றால் பிடிக்கப்படும்.

அத்தான் எழும்பினார். "உழவு மாட்டுக்கும் அதோ அண்ணை?"

கூட்டத்தில் சிரித்தார்கள். உழவு மாடு என்ற ஒன்றை அந்த விதி எழுதியவர்கள் யோசித்திருக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர், "கபிலன், உழவு மாடெண்டா பயிர் தின்னாதோ?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். இரத்தினம் அண்ணை மட்டும் சிரிக்காமல், "எல்லா மாட்டுக்கும்தான் தம்பி. ஒருத்தருக்கு விட்டா மற்றவன் கேப்பான்" என்றார்.

அன்று பின்னேரம் அத்தான் கேமைத் திறந்து எதையோ தேடினார். அதில் அப்படி ஒரு திகதி இல்லை.

அடுத்த கிழமை டீசல் வந்தது. உழவு இயந்திர நம்பர்ப்படி பட்டியல் போட்டு, அவரவர் நிலத்துக்கு அளந்து கொடுத்தார்கள். எங்களுடைய நம்பர் இப்போது முசலியில் யாரோ ஒருவரின் பெயரில் இருந்தது. அத்தான் பட்டியலைப் பார்க்க அரசாங்கக் கந்தோருக்குப் போய், அங்கே ஒன்றும் கேட்காமல், திரும்பி வந்தார். வாடகைக்கு உழுகிற இரண்டு பேரிடம் போனார். தங்கள் நிலமும் முன்னமே சொன்னவர்களின் நிலமும் முடிய மாதக்கடைசி தாண்டும் என்றார்கள். அது பொய்யில்லை.

உழவு இயந்திரம் காய்ந்த நிலத்திலும் இறங்கும். எங்கள் மண் களிமண், காய்ந்தால் ஓடு போல இறுகிவிடும். மாட்டுக்கு மழை விழ வேண்டும். சுற்றிவர எல்லாரும் புழுதியில் உழுது விதைத்துக்கொண்டிருக்க, நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒக்டோபர் பத்தாம் திகதிதான் மழை பெய்தது. இரண்டு நாள் மண் இளகவிட்டு, பதின்மூன்றாம் திகதி அத்தான் ஏர் பூட்டினார். மாடு வெளியேற முன் பன்னிரண்டு நாள். நாளுக்குக் கால் ஏக்கர் என்றால் மூன்று ஏக்கர். கணக்குச் சரியாக வந்தது. அத்தான் அதைக் கொட்டில் தகரத்தில் கரியால் எழுதி வைத்திருந்தார்.

கணக்கில் அவருடைய இடுப்பு இல்லை. மாடுகள் பத்து உழவுச் சால் நடந்தால் பதினோராவது சாலில் வேகம் பிடிக்கும். இழுத்து நிறுத்தி, ஆற்றி, மறுபடி தொடங்க வேண்டும். கலப்பையின் கொழு மேலே எழும்பி மண்ணைக் கீறிக்கொண்டு போகும். திரும்ப வந்து அதே இடத்தில் உழ வேண்டும். நான்கு நாளில் அரை ஏக்கர்கூட ஆகவில்லை. அக்கா பின்னால் மண்வெட்டியோடு போய்க் கட்டி உடைத்தாள். சாலில் இரத்தம் போல எதையோ கண்டு குனிந்து பார்த்தாள். அத்தானின் உள்ளங்கையிலிருந்து வடிந்ததுதான்.

நான் அவர்களோடு நிற்கவில்லை. விதைத்துவிட்ட இரத்தினம் அண்ணையின் வயலில் எனக்குக் காவல் வேலை கிடைத்திருந்தது. புறாவும் மயிலும் விதைநெல்லைப் பொறுக்காமல் கலைக்க வேண்டும். பின்னேரம் இரண்டு கொத்து அரிசி அளந்து தருவார்கள். அந்த நாளில் அது பெரிய விஷயம். எங்கள் வயலுக்கும் அவர்களுடையதற்கும் நடுவில் ஒரு வரம்புதான்.

முதல் நாளே அத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். "பிள்ளை, தகரத்தைத் தட்டு. தகரத்துக்கு அதுகள் பழகிட்டுது. கத்தாதை."

அதைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. நான் கத்துகிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லவே எனக்குக் குரல் வராது. எட்டாம் வகுப்போடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். இரத்தினம் அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. வரம்பில் நின்றுகொண்டு, "உன்ர தகரத்துக்கு மயில் ஆடுது பிள்ளை. வாயைத் திறந்து கத்தோணும். உன்னை வச்சிருக்கிறதும் ஒண்டு, ஒரு வெருளியைக் கட்டிவிடுறதும் ஒண்டு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுத்த நாள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணி இருக்கும். ஒரு கூட்டம் மயில் வந்து இறங்கியது, பன்னிரண்டு பதின்மூன்று. நான் தகரத்தைத் தட்டினேன். ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி பொறுக்கத் தொடங்கியது. வாய்க்காலடியில் இரத்தினம் அண்ணை நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்பிக் கத்தினேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

மயில்கள் எழும்பின. மாடுகள் ஓடின.

நுகத்தோடும் கலப்பையோடும் ஓடின. அத்தான் கலப்பையின் மேழிப்பிடியை விடவில்லை, விட்டிருக்கலாம். இருபது முழத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போயின. வரம்பில் கலப்பை அடித்து எழும்பி, கொழு சுனாமியின் பின்னங்காலில், குதிக்கு மேலே இறங்கியது. சுனாமி அப்போதும் நிற்கவில்லை. மூன்று காலில் ஓடியது. மற்றவனும் சேர்ந்து ஓடியதால் நிற்க முடியவில்லைப் போலும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் எழும்பியிருந்தார். முகம் முழுக்கச் சேறு. மாட்டின் காலைப் பிடித்துத் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது நரம்பு என்று அக்கா சொன்னாள். இரத்தினம் அண்ணையும் ஓடிவந்தார்.

"என்னெண்டு தம்பி வெருண்டது?"

"குளக்கட்டால ஒரு மோட்டார் சைக்கிள் போனது அண்ணை. சைலன்சர் இல்லாதது" என்றார் அத்தான்.

குளக்கட்டில் ஒன்றும் போகவில்லை. ஆனால் நான் கத்தியதை அவர் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. இரத்தினம் அண்ணை என்னை ஒருதடவை பார்த்தார். பிறகு அவரும் குனிந்து மாட்டின் காலைப் பிடித்துக்கொண்டார்.

ஒற்றை மாட்டில் நுகம் பூட்ட முடியாது. மறுநாளிலிருந்து மூன்று பேரும் மண்வெட்டி எடுத்தோம். காவல் வேலைக்கு வேறு ஒரு பெண்ணைப் பிடிக்கும்படி நானே சொல்லிவிட்டேன். கேமில் சொன்னது அதுதானே, ஏர் இல்லாவிட்டால் மண்வெட்டி என்று அக்கா ஒருதடவை வாய் திறந்தாள். பிறகு அதைச் சொன்னதற்காக அன்று முழுக்க அத்தானுக்கு முன்னால் தலை நிமிரவில்லை.

சுனாமியின் காலில் மூன்றாம் நாள் புழு வைத்தது. அத்தான் வேப்பெண்ணெய் விட்டு, குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தார். ஐந்தாம் நாள் அது எழும்பவில்லை. வஸீர் நானா வந்து பார்த்தார்.

"தம்பி, இப்ப குடுத்தா இறைச்சிக்காவது போகும். உங்களுக்கும் ஒரு கை உதவி. நாளைக்கு அதுக்கும் உதவாது."

அத்தான் மாட்டின் நெற்றிச் சுழியில் கையை வைத்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா, "உங்கட விருப்பம்" என்றாள்.

"வேண்டாம் நானா. மற்றவனை மட்டும் கொண்டுபோங்கோ. இருபத்தைஞ்சுக்குள்ள போகோணும்."

"நான் முதல்லயே சொன்னனான் தம்பி."

"ஓம் நானா. நீங்கள் சொன்னனீங்கள்."

மற்றவன் லொறியில் ஏற மறுத்தான். நானா பின்னால் நின்று ஒரு சத்தம் போட்டார். ஒரே பாய்ச்சலில் ஏறினான்.

சுனாமி இருபத்துநான்காம் திகதி மத்தியானம் செத்தது. வெளியேற்ற வேண்டிய நாளுக்கு முதல் நாள். அத்தான் அன்று பின்னேரமும் மறுநாள் முழுக்கவும் குழி வெட்டினார்; களிமண், மாடு பெரிது. நாங்களும் வெட்டினோம். வயலுக்குப் போயிருக்க வேண்டிய ஒன்றரை நாள் அந்தக் குழிக்குப் போனது. 

இருபத்தொன்பதாம் திகதி இரத்தினம் அண்ணை தன் உழவு இயந்திரத்தை எங்கள் வயலில் இறக்கினார். "இருக்கிறவரைக்கும் ஓடட்டும்" என்றார். தாங்கியில் மிச்சம் கிடந்த டீசலுக்கு அது வாய்க்கால் ஓரமாக ஒன்பது தடவை போய் வந்தது. பத்தாவதில் இருமி நின்றது. நாங்கள் எல்லாருமாகத் தள்ளி அதை றோட்டில் ஏற்றினோம்.

முப்பத்தோராம் திகதி விதைத்தோம். மாடு உழுதது, மண்வெட்டி கொத்தியது, இரத்தினம் அண்ணை உழுதது எல்லாம் சேர்த்து ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைய. மிச்ச இரண்டு ஏக்கருக்கும் வைத்திருந்த விதைநெல்லை அக்கா குற்றிச் சமைத்தாள். நல்ல விதைநெல். அத்தான் அதைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினார்.

அடுத்த கிழமை அவர் கீரிக் கடற்கரைக்குப் போனார். அங்கே கரைவலை இழுக்க ஆள் தேவைப்பட்டது. முன்பு உழவு இயந்திரம் கட்டி இழுத்த வலையை, டீசலில்லாமல் மறுபடி ஆட்கள் இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். இடுப்பில் பட்டியைப் போட்டுக் கயிற்றில் கொளுவி, இருபது பேர் பின்பக்கமாக நடக்க வேண்டும். அக்கா அந்த இடுப்போடு போகவேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பழைய சீலையை மடித்துத் தைத்து, பட்டிக்குக் கீழே வைக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

பின்னேரங்களில் அங்கிருந்து போன் எடுப்பார். ஒருநாள் அக்கா கேட்டாள்.

"உங்கட சனம் எப்பிடி? சாப்பிட்டுதுகளோ?"

"நான் கேமைத் திறக்கிறேல்லை மங்கை. திறந்தாத்தான் அவைக்குப் பசிக்கும்."

அக்கா சிரித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போனாள். நான் போனைக் காதில் வைத்தால் வழக்கமாக ஓம், இல்லை என்பதோடு முடிந்துவிடும். அன்று பின்னால் கடல் சத்தம் கேட்டது. யாரோ வலைக்காரர்கள் எதற்கோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை, முளை வந்திட்டுதோ?"

"ஓம் அத்தான்."

"மயில் வருதோ?"

"வருது."

"தகரமோ தட்டுறாய்?"

"ஓம்."



"கத்து பிள்ளை" என்றார். "இப்ப மாடு ஒண்டும் இல்லைத்தானே."

மறுநாள் விடிய வயலுக்குப் போனேன். மயில்கள் எனக்கு முதலே வந்திருந்தன. வரம்பில் நின்று வாயைத் திறந்தேன். வரவில்லை. குனிந்து தகரத்தை எடுத்தேன்.